பரணில் கிடக்கும் கேம்பேடு புதுக் கணினியில் ஓடுமா? முதலில் பிளக்கைப் பாருங்கள்

பழைய கேம்பேடைப் புதுக் கணினியில் செருகி, கேமைத் திறந்து, எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை என்றதும் "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் அது சாகவில்லை. கணினிக்கு அது தெரிகிறது, கேமுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டும் வேறு வேறு கோளாறு. ஒன்றைச் சரிசெய்யக் காசு ஆகலாம், மற்றதற்கு ஒரு பைசா ஆகாது. அதனால் அடாப்டர் வாங்கவோ எதையாவது டவுன்லோட் செய்யவோ கிளம்புவதற்கு முன்னால், உங்களுடையது எந்தக் கோளாறு என்று பார்த்துவிடுங்கள்.

என்ன ரகம் என்பதை ஒயரின் நுனியே சொல்லிவிடும். சாதாரண யூஎஸ்பி பிளக் என்றால் பாதி வேலை முடிந்தது. மேலே 8, கீழே 7 என்று 15 துளையோ ஊசியோ உள்ள உலோக பிளக் என்றால் அது 90களின் சவுண்ட் கார்டில் செருகிய ஜாய்ஸ்டிக்காக இருக்கலாம். 5, 4 என்று 9 இருந்தால் டிவி கேம் கன்ட்ரோலர். முனைகள் உருண்டு, உள்ளே மூன்று மூன்றாக 9 துளைகள் இருந்தால் பிளேஸ்டேஷன் ஒன்று அல்லது இரண்டு. இதில் ஒரே ஒரு கண்ணி உண்டு: சில டிவி கேம் பெட்டிகளின் கன்ட்ரோலருக்கும் 15 துளை பிளக்தான் வைத்தார்கள், பார்த்தால் சவுண்ட் கார்டு ஜாய்ஸ்டிக்கின் பிளக் மாதிரியே இருக்கும், உள்ளே ஒயர் ஓடுகிற விதம் முற்றிலும் வேறு. கன்ட்ரோலரின் மேல் செலக்ட், ஸ்டார்ட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது டிவி கேம் ஆசாமி. அதைக் கொண்டுபோய் ஜாய்ஸ்டிக் அடாப்டரில் சொருகாதீர்கள்.

யூஎஸ்பி கேம்பேடு

கேம்பேடைச் செருகிவிட்டு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சின்னப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 98 காலத்தில் பார்த்த அதே மாதிரிப் பெட்டி ஒன்று திறக்கும். விண்டோஸ் 11லும் அது அப்படியே இருக்கிறது, செட்டிங்ஸில் தேடி அலைவதைவிட இந்த வழி சுலபம். பட்டியலில் உங்கள் பேடின் பெயர் இருந்தால் அதைத் தேர்ந்து பிராப்பர்ட்டீஸ் தட்டுங்கள். ஸ்டிக்கை ஆட்டினால் சதுரத்துக்குள் இருக்கிற கூட்டல் குறி நகர வேண்டும், பட்டனை அழுத்தினால் எண் போட்ட வட்டம் சிவப்பாக எரிய வேண்டும். எல்லாம் எரிகிறதா? சரி, உங்கள் பேடு நல்லபடியாக இருக்கிறது. இனிமேல் கேமோடுதான் சண்டை.

பட்டியலில் பெயரே இல்லை என்றால் முதலில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், முடிந்தால் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டை விட்டுவிட்டு கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில். லேப்டாப்பில் எல்லாமே 3 என்றால் நடுவில் ஒரு பழைய யூஎஸ்பி ஹப்பை வைத்துப் பார்க்கலாம். அப்போதும் வரவில்லை, டிவைஸ் மேனேஜரில் 'அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணத்தோடு வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது ஒயரைத்தான், டிரைவரை அல்ல. கேம்பேடுக்குள் ஒயர் நுழைகிற கழுத்தில்தான் இது முறியும், வருஷக்கணக்காகப் பேடைச் சுற்றி ஒயரை இறுக்கிக் கட்டி வைத்ததன் பலன். வெளியே ரப்பர் உறை நன்றாக இருக்கும், உள்ளே நாலு கம்பியில் ஒன்று அறுந்திருக்கும். பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நாலு ஒயர் பலகையில் பற்றவைக்கப்பட்டிருப்பது தெரியும். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பலகையிலும் மறுமுனையை பிளக்கின் தகட்டிலும் தொட்டு, ஒயரைக் கழுத்தில் மெல்ல வளைத்தபடியே ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த ஒயரில் பீப் விட்டுவிட்டு வருகிறதோ அதுதான் குற்றவாளி. முறிந்த இடத்தைத் தாண்டி பிளக் பக்கமாக வெட்டி, மீதி ஒயரைத் திரும்பப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. செத்துப்போன பழைய மவுஸின் ஒயரையும் வைக்கலாம், நிறத்தை மட்டும் நம்பாமல் பிளக்கிலிருந்து அளந்து வைக்கவும்.

இப்போது கேம் பக்கம் வருவோம். 2005ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்று ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் இருந்தது டைரக்ட்இன்புட். பழைய முறையில் பேடு தன்னிடம் 12 பட்டன் இருக்கிறது, ஸ்டிக் நகர்கிற நாலு அச்சு இருக்கிறது என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லும். மூன்றாம் எண் பட்டன் குதிப்பதற்கா சுடுவதற்கா என்பதைக் கேமின் செட்டிங்ஸில் போய் நாம்தான் சொல்ல வேண்டும். எக்ஸ்இன்புட்டில் அந்தப் பேச்சே இல்லை, எல்லாப் பேடும் எக்ஸ்பாக்ஸ் பேடு மாதிரியே ஏ, பி, எக்ஸ், ஒய், இரண்டு டிரிகர் என்று ஒரே அமைப்பு. கேம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி, அதனால் நிறையப் புதுக் கேம்கள் எக்ஸ்இன்புட்டை மட்டும்தான் கேட்கின்றன, டைரக்ட்இன்புட் பேடு ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் பழைய பேடு 'வேலை செய்யாததற்கு' பத்தில் ஒன்பது தடவை இதுதான் காரணம் என்பேன்.

ஆக வேண்டியது ஒரு மொழிபெயர்ப்பாளர். முதலில் கேம் விற்கும் செயலியான ஸ்டீமை முயன்று பாருங்கள், ஏற்கெனவே நிறையப் பேரிடம் இருப்பதும் அதுதான். ஸ்டீமின் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போனால் உங்கள் பேடு பட்டியலில் இருக்கும், எந்தப் பட்டன் ஏ, எந்தப் பட்டன் பி என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும். பிறகு அந்தக் கேமின் பிராப்பர்ட்டீஸில் ஸ்டீம் இன்புட்டை எனேபிள் செய்துவிடுங்கள், கேமுக்கு உங்கள் பேடு எக்ஸ்பாக்ஸ் பேடாகத் தெரியும். வேறு இடத்தில் வாங்கிய கேமையும் 'நான்-ஸ்டீம் கேம்' என்று சேர்த்து இதே வழியில் ஓட்டலாம்.

ஸ்டீம் பிடிக்காதவர்களுக்கு எக்ஸ்360சிஇ என்கிற இலவச நிரல் இருக்கிறது. இதன் மூன்றாம் பதிப்பு, கேமின் ஃபோல்டருக்குள்ளேயே டிஎல்எல் என்கிற துணை நிரல் கோப்பு ஒன்றை வைத்து அந்தக் கேமை மட்டும் ஏமாற்றும். நாலாம் பதிப்பு விஜெம்பஸ் என்கிற டிரைவரைக் கொண்டு கணினிக்குள் பொய்யாக ஒரு எக்ஸ்பாக்ஸ் பேடையே உண்டாக்கிவிடும். விஜெம்பஸை எழுதியவர்கள் 2023ல் அதை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் ஓடுகிறது. இங்கே எல்லோரும் மாட்டுகிற இடம் ஒன்று: சில கேம்கள் நிஜப் பேடையும் பொய்ப் பேடையும் சேர்த்துப் பார்த்துவிடும், ஒரு தடவை அழுத்தினால் மெனு இரண்டு படி நகரும். அப்போது ஹிட்ஹைட் என்கிற நிரலைப் போட்டு நிஜப் பேடை மற்ற எல்லாவற்றிலிருந்தும் மறைத்துவிட்டு, எக்ஸ்360சிஇக்கு மட்டும் காட்டும்படி வைக்க வேண்டும். ஸ்டீம் இன்புட்டையும் இதையும் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் இதே இரட்டிப்புதான் வரும், ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். அப்புறம், ஆன்லைன் போட்டிக் கேம்களின் ஃபோல்டரில் அந்த டிஎல்எல்லை வைக்காதீர்கள், ஏமாற்றுத் தடுப்பு நிரல் அதை வேறு மாதிரி புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது.

பழைய கேம் பெட்டி மாதிரிக் கணினியில் நடிக்கிற நிரலான எமுலேட்டரில் பழைய கேம்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன எதுவுமே தேவையில்லை. ரெட்ரோஆர்க் போன்றவை டைரக்ட்இன்புட் பேடை நேராக எடுத்துக்கொள்ளும், கன்ட்ரோலர் டிரைவரை மட்டும் டிஇன்புட் என்று மாற்றிக்கொண்டு பட்டன்களை நீங்களே பதிந்துவிடலாம்.

கடைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்ற, பிளேஸ்டேஷன் இரண்டின் பேடைப் பார்த்துச் செய்த யூஎஸ்பி பேடு இருக்கிறதே, பல பெயர்களில் வந்தாலும் பலவற்றின் உள்ளே சிப் ஒன்றுதான். டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள், விஐடி (தயாரிப்பாளர் எண்) 0079, பிஐடி (பொருள் எண்) 0006 என்று இருந்தால் அது டிராகன்ரைஸ். உலகம் முழுக்க இருக்கிற பேடு என்பதால் ஸ்டீமிலும் எமுலேட்டர்களிலும் இதற்கு ஆயத்த அமைப்பு பெரும்பாலும் இருக்கும். இதன் நடுவில் அனலாக் என்று ஒரு பட்டன், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. இந்த விளக்கை அலட்சியப்படுத்தினால் அரை நாள் வீணாகும். விளக்கு எரியாதபோது இடது ஸ்டிக் வெறும் திசைப் பட்டன் மாதிரி நடந்துகொள்ளும், முழுசாகத் தள்ளினாலும் லேசாகத் தள்ளினாலும் ஒன்றுதான். வலது ஸ்டிக்கோ முக்கோணம், வட்டம் பட்டன்களை அழுத்தியதாகச் சொல்லும். விளக்கு எரிந்தால்தான் இரண்டு ஸ்டிக்கும் உண்மையான அச்சுகளாக மாறும், திசைப் பட்டன்கள் தனியாகப் பிரியும். விளக்கு அணைந்திருக்கும்போது எல்லா பட்டனையும் பதிந்துவிட்டு, கேமுக்குள் போய் விளக்கைப் போட்டால் எல்லாமே இடம் மாறியிருக்கும். முதலில் விளக்கைப் போடுங்கள், பிறகு பதியுங்கள், அதன்பின் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

இதோடு வந்த சின்ன சிடியைத் தேடாதீர்கள். அதிலுள்ள டிரைவர் அதிர்வுக்கு மட்டும்தான், அதுவும் 32-பிட் காலத்தது என்றால் 64-பிட் விண்டோஸ் அதை ஏற்றவே ஏற்றாது. அந்தப் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் வருகிற 'டிரைவர் டவுன்லோட்' தளங்கள் எதையும் சீண்ட வேண்டாம். அதிர்வு இல்லாமலே ஆடலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலான பழைய பேடுகளைக் கெர்னலே பார்த்துக்கொள்ளும், ஜேஎஸ்டெஸ்ட்-ஜிடிகே என்கிற நிரலைப் போட்டுச் சோதித்துக்கொண்டால் போதும்.

15 ஊசி ஜாய்ஸ்டிக்

இதற்குத்தான் கொஞ்சம் செலவு, கொஞ்சம் கைவேலை. 1981ல் ஐபிஎம் தன் முதல் பிசிக்குத் தனி அட்டையாக விற்ற கேம் போர்ட், பின்னால் சவுண்ட் பிளாஸ்டர் வகை சவுண்ட் கார்டுகளின் முதுகில் ஏறிக்கொண்டது. விண்டோஸ் விஸ்டாவோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது, இப்போது வரும் மதர்போர்டுகளில் அந்தப் போர்ட்டும் இல்லை, பழைய கார்டைச் செருக பிசிஐ ஸ்லாட்டும் பெரும்பாலும் இல்லை.

பிளக்கை மட்டும் மாற்றினால் ஆகாதா என்றால், ஆகாது. சாதாரண அனலாக் ஜாய்ஸ்டிக்குக்குள் சிப் எதுவும் கிடையாது, ஒரு அச்சுக்கு ஒன்று வீதம் 100 கிலோ ஓம் பொட்டன்சியோமீட்டர், ரேடியோவில் ஒலி கூட்டும் குமிழுக்குள் இருக்குமே அதுதான். ஸ்டிக்கை நகர்த்தினால் மின்தடை மாறும், அந்தத் தடை வழியாகக் கார்டில் இருக்கும் கெபாசிட்டர் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிராசஸரே எண்ணிக்கொண்டு நிற்கும். யூஎஸ்பிக்கோ பேசத் தெரிந்த சிப் ஒன்று மறுமுனையில் வேண்டும். அதனால் நீங்கள் வாங்குகிற அடாப்டருக்குள் ஒரு சிப் இருந்தே ஆக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் ஆன்லைனில் தேடினாலும் 15 ஊசி பிளக்கோடு மிடி கேபிளும் கண்ணில் படும். அது கீபோர்டு வாத்தியத்துக்கானது, ஜாய்ஸ்டிக்குக்கு அல்ல. சரியான அடாப்டர் கிடைத்தாலும் சாதாரண அனலாக் ஜாய்ஸ்டிக்குகளுக்கு மட்டும்தான் அது உதவும். மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர், கிராவிஸ் கிரிப் போன்றவை அதே 15 ஊசியில் டிஜிட்டலாகப் பேசுபவை, மலிவு அடாப்டருக்கு அந்தப் பேச்சு புரியாது.

என் ஓட்டு, நாமே நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுயினோவுக்குத்தான். லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ வாங்குங்கள், இரண்டிலும் இருப்பது ஏடிமெகா 32யு4, அது தானே யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்காக வேஷம் போடும். ஊனோ ஆர்3 வேண்டாம், அதன் முக்கிய சிப்பில் யூஎஸ்பி இல்லை. புரோ மைக்ரோவில் 5 வோல்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள். சைட்விண்டர் வைத்திருப்பவர்கள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நெக்ரோவேர் என்பவரின் கேம்போர்ட் அடாப்டர் திட்டத்தைப் பார்க்கலாம், அந்த டிஜிட்டல் பேச்சையெல்லாம் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

சாதாரண ஜாய்ஸ்டிக் என்றால் நீங்களே செய்துவிடலாம். 1ஆம் ஊசி 5 வோல்ட், 4ஆம் ஊசி கிரவுண்ட், 3 இடவல அச்சு, 6 மேல்கீழ் அச்சு, 2ம் 7ம் இரண்டு பட்டன்கள். பட்டனை அழுத்தினால் அது கிரவுண்டோடு சேரும், ஆகவே பட்டனை அழுத்தாதபோது ஊசியை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கிற, ஆர்டுயினோவில் உள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரைப் போட்டால் போதும். அச்சில்தான் கவனம் வேண்டும். பொட்டன்சியோமீட்டரின் ஒரு முனை 5 வோல்ட்டில், நடு முனை 3ஆம் ஊசியில், மூன்றாவது முனை பெரும்பாலும் எதிலும் இல்லை. அப்படியே அனலாக் உள்ளீட்டில் கொடுத்தால் ஸ்டிக்கை எங்கே தள்ளினாலும் ஏறக்குறைய 5 வோல்ட்தான் காட்டும். 3ஆம் ஊசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள், 6க்கும் அப்படியே ஒன்று.

வைத்தாலும் ஸ்டிக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலத்தான் தெரியும். கணக்கைப் பாருங்கள்: தடை பூஜ்யத்தில் இருக்கும்போது 5 வோல்ட், முழு 100ல் 2.5 வோல்ட், ஆனால் நடுவில், அதாவது 50ல், 3.75 வராது, 3.33தான் வரும். 5 வோல்ட்டை 1023 என்று காட்டும் ஆர்டுயினோவின் எண்ணில் சொன்னால் இவை 1023, 512, 682. இதை அப்படியே கணினிக்கு அனுப்பினால் விமானக் கேமில் விமானம் தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். 1023ஐ வந்த எண்ணால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, 100ஆல் பெருக்கினால் தடை எத்தனை கிலோ ஓம் என்பது நேராகக் கிடைத்துவிடும், அதை அனுப்புங்கள். மிச்சம் மீதியை விண்டோஸின் காலிபிரேட் பொத்தான் பார்த்துக்கொள்ளும். எண்கள் நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளினால் அது புரோகிராம் கோளாறு இல்லை, பொட்டன்சியோமீட்டருக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு ஸ்டிக்கை நாலு பக்கமும் நன்றாகச் சுழற்றுங்கள்.

பிளேஸ்டேஷன்

ஒன்று, இரண்டுக்கான பேடுகளுக்கு யூஎஸ்பி அடாப்டர் எளிதாகக் கிடைக்கும், இரண்டு பேடு செருகுகிற வகையே அதிகம், ஜாய்ஸ்டிக் பட்டியலில் இரண்டு பெயர் தெரியும். நடனப் பாய் வைத்திருப்பவர்கள் மட்டும் விசாரித்து வாங்குங்கள். பல அடாப்டர்கள் திசைப் பட்டன்களை ஒரு அச்சாக மாற்றிவிடும், அச்சில் ஒரே நேரத்தில் இடமும் வலமும் இருக்க முடியாது, இரண்டு காலையும் இரண்டு பக்கமும் வைத்துக் குதிக்கிற இடத்தில் எல்லாம் பாய் ஊமையாகிவிடும்.

பிளேஸ்டேஷன் மூன்றின் பேடு மினி யூஎஸ்பி ஒயரில் நேராகச் செருகும், ஆனால் சார்ஜுக்கு மட்டும் செய்த ஒயராக இருந்தால் கணினிக்கு ஒன்றும் தெரியாது. நல்ல ஒயராக இருந்தாலும் விண்டோஸில் டிஎஸ்ஹிட்மினி மாதிரி ஒரு டிரைவர் தேவை, லினக்ஸில் தேவையில்லை.

டிவி கேம் கன்ட்ரோலர்

90களில் நம்மூரில் மரியோவும் கான்ட்ராவும் ஆடிய பெட்டிகள் நின்டென்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை, அவற்றின் கன்ட்ரோலர் பேசுகிற முறையும் அதேதான். நின்டென்டோவின் கன்ட்ரோலரில் 4021 என்கிற ஷிஃப்ட் ரிஜிஸ்டர் இருக்கும், நகல்களில் அதே வேலையைச் செய்கிற ஒரு கறுப்புப் பொட்டு. லாட்ச் கம்பியை 12 மைக்ரோ செகண்ட் உயர்த்தி இறக்கினால் எட்டுப் பட்டன்களின் நிலையும் உள்ளே பதிவாகும். டேட்டா கம்பியில் முதலில் தெரிவது ஏ. அப்புறம் கிளாக்கை ஒவ்வொரு தட்டுத் தட்டும்போதும் பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்று வரிசையாக வரும். வோல்ட்டேஜ் கீழே இருந்தால் அழுத்தியிருக்கிறது என்று பொருள். இதே புரோ மைக்ரோவில் இருபது, முப்பது வரி நிரலில் முடிந்துவிடும்.

9 துளை பிளக்கில் பரவலாகக் காண்பது 2 டேட்டா, 3 லாட்ச், 4 கிளாக், 6 ஐந்து வோல்ட், 8 கிரவுண்ட். ஆனால் எல்லாத் தயாரிப்பிலும் இப்படியே இருக்கும் என்று எண்ணி மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். கன்ட்ரோலரைத் திறந்து பாருங்கள், எல்லாப் பட்டனுக்கும் பொதுவாக ஓடுகிற ஒரு தடம் தெரியும், அதுதான் கிரவுண்ட். மல்டிமீட்டரில் அது 8ஆம் துளையோடு பீப் அடித்தால் தொடரலாம், இல்லையென்றால் ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இரண்டு கன்ட்ரோலரும் இருந்தால் முதலாவதை எடுங்கள், இரண்டாவதில் பெரும்பாலும் ஸ்டார்ட், செலக்ட் இருக்காது.

திறந்த கையோடு ரப்பர் பாயையும் தூக்கிப் பாருங்கள். பட்டனுக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும், அதுதான் பலகையில் உள்ள இரண்டு தடங்களை ஒட்டவைப்பது. அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் பட்டனைப் பலமாக அமுக்கினால்தான் பிடிக்கும். பட்ஸில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டு ரப்பரையும் பலகையையும் லேசாகத் துடையுங்கள், தேய்த்துச் சுரண்டினால் அந்தக் கறுப்பே போய்விடும்.

கூட வந்த துப்பாக்கியை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். படக்குழாய் டிவி திரையில் வெளிச்சம் பளிச்சென்று வந்து போகிற நேரத்தை வைத்துத்தான் அது குறி பட்டதா இல்லையா என்று சொல்லும். எல்சிடி திரையில் அந்த நேரக் கணக்கு ஒத்துவராது, என்ன அடாப்டர் போட்டாலும் வாத்து விழாது.